சட்டைக்குள் இருந்த அளவு

இருபது நாளாகத் தங்கை ஜெயிலுக்குள் உண்ணாவிரதம். போலீஸ் அடித்துக் கொன்ற பையன்களின் வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் வாக்குமூலம் வாங்கிய வக்கீல் அவள். தன்னோடு பிடிபட்ட இரண்டு அம்மாக்களையாவது வெளியே விடச் சொல்லித்தான் இந்தப் பிடிவாதம். ஜெயில் நிர்வாகமோ, மூன்று வேளையும் மூக்குமுட்டச் சாப்பிடுகிறாள், உடம்பு இம்மியும் இளைக்கவில்லை என்று கோர்ட்டுக்குக் கூசாமல் எழுதிக் கொடுத்துவிட்டது. நாளை விசாரணை. அது பொய் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே இல்லை. கண்ணால் பார்த்துவிட்டாவது வரலாம் என்று அக்கா மாற்றுச் சட்டையோடு வந்திருந்தாள்.

அக்காவுக்குத் தையல் தொழில். வெட்டும்போது துணியின் உள்பக்கம் சாக்பீஸால் அளவு எழுதுவாள், தைத்து முடித்ததும் தட்டிவிடுவாள். நேற்றைய பதற்றத்தில் தட்ட மறந்து தொலைத்தாள்.

சோதனை போட்ட காவலாளி சட்டையைத் திருப்பினாள். 36, 30, 38. சட்டை நேரே ஜெயிலர் அம்மாளின் மேசைக்குப் போனது, பின்னாலேயே அக்காவும்.

இதென்ன ரகசியக் குறி, உன்னையும் உள்ளே தள்ளட்டுமா என்று ஜெயிலர் கேட்டார். தங்கச்சி ஜெயிலுக்கு வருவதற்கு முந்தைய அளவு, மனப்பாடமாகத் தைத்தது என்று அக்கா தட்டுத் தடுமாறிச் சொன்னாள். ஜெயிலர் லேசுப்பட்டவர் இல்லை. ஜெயில் தையல்கூடத்திலிருந்து டேப்பையும் அறையிலிருந்து தங்கையையும் வரவழைத்தார்.

கைத்தாங்கலாக வந்தவளை அக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். காவலாளி அளந்து சொன்னாள். முப்பத்தொன்று, இருபத்து நாலு, முப்பத்து மூன்று.

"ஒண்ணாவது ஒத்துப்போகுதா? அப்ப இது குறிதான்," என்றார் ஜெயிலர். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

பட்டினி கிடந்த உடம்பு எப்படி ஒத்துப்போகும் என்று கேட்க அக்கா வாயைத் திறந்தாள். தங்கை அவள் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"ரெண்டு அளவையும் எழுதிக்கோங்க மேடம். தேதி, நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டுடுங்க. இல்லாட்டி கோர்ட்ல செல்லாது."

எனக்கே சட்டம் சொல்லித் தருகிறாயா என்று முறைத்தாலும், ரகசியக் குறிக்கு ஆதாரமாக நாளை கோர்ட்டில் காட்ட ஜெயிலர் எழுதினார். முத்திரையும் குத்தினார்.

வாசலில் காத்திருந்த மற்ற அம்மாக்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏதாவது ஆதாரம் கிடைத்ததா என்று ஒருத்தி கேட்டாள். அக்காவுக்கு அதுவரை அடக்கிய அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நாம எதுவும் கொண்டு போக வேண்டாம். நாளைக்கு ஜெயிலரே கொண்டு வராங்க."