துத்தநாகத் துண்டறிக்கையில் நான் வெட்டிய வரி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு துண்டறிக்கையில் ஒரு வரியை வெட்டினேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்கப் பார்த்தேன்.

முதல் முயற்சி: “மனித உடலில் துத்தநாகம் இரண்டு மூன்று கிராம்தான் என்றாலும்…” (பாடப்புத்தக வாடை. அடித்தாயிற்று.)

இரண்டாம் முயற்சி: “அன்று வானம்…” (வானத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் என்ன சம்பந்தம்?)

2

அக்கா குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸ். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒரே விஷயம் இரண்டு தடவை வந்தால் எனக்குக் கை அரிக்கும்.

பேதியான குழந்தைகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு கொடுக்கும் துத்தநாக மாத்திரை பற்றித் தாய்மார்களுக்காக அக்கா அந்தத் துண்டறிக்கையை எழுதி எங்கள் அச்சகத்துக்குக் கொடுத்திருந்தாள்: “தினம் ஒரு மாத்திரை, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, பதினான்கு நாள். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் விடாமல் பதினான்கு நாள்.”

பதினான்கு என்றபின் மறுபடி எதற்குப் பதினான்கு? இரண்டாம் வரியை வெட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது.

[அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: துத்தநாகத்தை உடம்பு பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. முட்டை, இறைச்சி, பருப்பு, விதைகள் என்று தினமும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்க வேண்டும். பேதியில் அதுவும் சேர்ந்து போய்விடும். குடல் ஆறவும், அடுத்து வரும் கிருமியோடு மல்லுக்கட்டவும் அது வேண்டும். பேதி மூன்றாம் நாள் நின்றுவிடலாம், இந்த வேலை அன்றைக்கு முடியாது.]

3

இரண்டு மாதம் கழித்து ஒரு தையல்காரி தன் ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு, மறுபடி பேதி என்று அக்காவிடம் வந்தாள். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். பதினொன்று மிச்சம்.

“வீணாக்கல சிஸ்டர். மூணே நாள்ல நின்னுடுச்சு. மிச்சத்த அடுத்த தடவைக்குப் பத்திரமா வச்சிருந்தேன்.”

(இவளை ஒன்றும் தெரியாதவளாக எழுதிப் பார்த்தேன். அது பொய். துணியில் ஒரு விரற்கடை மிஞ்சினாலும் மடித்து வைக்கிற தொழில் அவளுடையது. மருந்தையும் அப்படித்தான் மதித்தாள்.)

குழந்தையின் கண்கள் உள்ளே போயிருந்தன. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

4

அக்கா துண்டறிக்கைக் கட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

“அந்த வரி எங்கடா?”

“ஒரே விஷயம் ரெண்டு தடவை வந்துச்சுக்கா.”

“ரெண்டு தடவைதான்டா சொல்லணும். குழந்த துவண்டு கிடக்கறப்ப முதல் தடவை சொல்றது அம்மா காதுல ஏறாது.”

அதற்கு மேல் திட்டவில்லை. இரண்டு பேனாவை எடுத்தாள். மீதி ஆயிரத்து அறுநூறு தாளிலும் அந்த வரியைக் கையால் எழுதினோம். நாலு ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல் வெயிலில் சாப்பாட்டு மேஜை சூடாகக் கிடக்கும். என் கையெழுத்தைப் பார்த்து, “கோழி கிளறின மாதிரி இருக்கு, இதுல நீ பிழை வேற திருத்தற” என்று சிரிப்பாள். குற்ற உணர்ச்சியோடு ஒருவன் அவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று தெரியவில்லை. இருந்தேன். அந்த ஞாயிறுகளுக்காக இன்றும் ஏங்குகிறேன்.

“முழுசா குடுத்திருந்தாலும் திரும்ப வந்திருக்கலாம்டா, யாரு கண்டா” என்றும் ஒருநாள் சொன்னாள். குழந்தை என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

5

ஆகவே முடிவுகள்.

(அ) குழந்தை பிழைத்தாள். இன்று அவளுக்குப் பத்தொன்பது வயது, அம்மாவின் மிஷினில் அவளே…

(ஆ) அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் தையல்காரி…

இரண்டையும் முடிக்கவில்லை. போன வாரம், ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் அக்காவுக்கு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எதையும் எழுதாதடா. பொழைச்சிட்டாள்னு எழுதினா, பாதியில நிறுத்தினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைப்பாங்க. போயிட்டாள்னு எழுதினா, பயத்துல ஒண்ணுக்கு ரெண்டா குடுப்பாங்க. அதுவும் கெடுதல்.”

“சரி, எழுதல. எனக்கு மட்டும் சொல்லுக்கா.”

“இத்தனை வருஷம் இதக் கேக்கத்தான் பயந்தியா?”

தலையாட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அழுதேன், சின்னப் பிள்ளை மாதிரி. அழுகை இரண்டு சேதிக்கும் வரும்.