இடப்பக்கம் ஒரு வட்டம்

ஆஸ்பத்திரிக் குளியலறைக்குள்ளிருந்து "இங்க கொஞ்சம் வா" என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாருமில்லை. ஆறு வருடமாக அவர் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாத நாளில்லை. மூத்திரப்பையில் புற்று என்று அதை எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி, வயிற்றின் வலப்பக்கம் வாசல் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதன் வழியாக மூத்திரம் சொட்டுச் சொட்டாக வெளியே ஒட்டிய பையில் சேரும். அந்தப் பையையும் நான் பார்த்ததில்லை, வயிற்றையும் பார்த்ததில்லை. கேட்டால், "உனக்கு எதுக்கு அந்தக் கண்றாவி?" என்பார். சட்டைமேல் சென்ட்டைக் கொட்டிக்கொண்டு பஸ் ஓட்டப் போய்விடுவார். டிப்போவில் அவருக்கு அத்தர் என்றே பெயர்.

கொஞ்ச நாளாகப் பை ஒழுக ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வாசலை ஒட்டித் தசை விட்டுக்கொடுத்துக் குடல் பிதுங்குகிறது, ஹெர்னியா, என்றார் டாக்டர். வலப்பக்கத்தை வலை வைத்துத் தைத்து மூடிவிட்டு, வாசலை இடப்பக்கம் மாற்றுவதாக ஏற்பாடு. புது வாசலுக்கு முந்தின நாளே ஒரு நர்ஸ் வந்து பேனாவால் வட்டம் போட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்டுப் போனாள். அப்போதும் என்னை வெளியே நிறுத்திவிட்டார். "இடம் தப்பினா பை ஒட்டாதுக்கா. ஆயுசு பூரா ஒழுகும்" என்று போகும்போது அவள் சொன்னதுதான் எனக்குக் கிடைத்தது.

கதவைத் தள்ளினேன். கடவுளே! வலப்பக்கம் வயிறு தேங்காய் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் பை கோணலாகத் தொங்க, சுற்றிலும் தோல் வெந்து சிவந்து கிடந்தது. சுவரைப் பிடித்தேன். கொக்கியில் ஒரு பட்டை மாட்டியிருந்தது. நாலு விரல் அகல எலாஸ்டிக். என் தையல் கடை எலாஸ்டிக்! அளவு குறைத்துக் கொடுக்கிறான் என்று எலாஸ்டிக் விற்கிற கடைக்காரனை நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன். அதை அடுக்கடுக்காக மடித்து, கையூசியால் கோணல்மாணலாகத் தைத்து, அந்தப் பிதுங்கலை அமுக்கிக் கட்டிக்கொண்டு, அதற்கும் மேலே சீட் பெல்ட்டையும் போட்டுக்கொண்டு இந்த மனுஷன் பஸ் ஓட்டியிருக்கிறார். ஐயோ, பாவி நான், பக்கத்தில்தானே படுத்திருந்தேன்.

"அதப் பாக்காத. இங்க பாரு."

இடப்பக்கத்தைக் காட்டினார். சோப்பு நுரையும் சிராய்ப்பும்தான் இருந்தன.

"வட்டத்தக் காணோம்" என்றார்.

ஆபரேஷன் மேஜையில் நாறக்கூடாதாம். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்திருக்கிறார். பிளாஸ்டர் ஜலதாரையில் கிடந்தது.

"நீதான் டெய்லராச்சே. நீயே ஒண்ணு போட்டுடு. ஸ்ட்ரெச்சர் வந்துடும்." மாட்டியிருந்த சட்டையிலிருந்து பேனாவை உருவி என் கையில் திணித்தார்.

"ஏங்க, இதென்ன ரவிக்கையா, சரியில்லன்னா பிரிச்சுத் தைக்க?"

"சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. போடும்மா."

அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. எனக்கும் கண் அளவு உண்டு. தொப்புளிலிருந்து இவ்வளவு, இடுப்பெலும்பிலிருந்து இவ்வளவு, இங்கேதான் என்று மனசுக்குள் ஒரு இடம் வைத்துப் பேனா மூடியையும் கழற்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வயிறு மடிந்தது. நான் பார்த்து வைத்த இடம் மடிப்புக்குள் போய்விட்டது, இருந்த தடமே இல்லை. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அங்கேதான் ஓட்டை போட்டிருப்பார்கள்.

"சிஸ்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் நடைபாதையே திரும்பியது.

"மானத்த வாங்கிட்டியே" என்றார்.

நேற்று வந்த அதே நர்ஸ்தான், அப்போதுதான் வேலைக்கு வந்தவள், தோள்பையைக்கூட இறக்காமல் ஓடி வந்தாள். சிரிக்கவில்லை. "அண்ணா, உக்காந்தே இருங்க. ஸ்டியரிங் புடிக்கிற மாதிரி கைய நீட்டுங்க. இப்ப குனிங்க." பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய..." என்றாள்.

"அவ இருக்கட்டும்" என்றார் அவர், குழாயைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப இந்த மடிப்பப் புடிச்சுக்கங்கக்கா." பிடித்தேன். சில்லென்று இருந்தது. அவள் வட்டம் போட்டபோது என் கட்டைவிரலிலும் மை பட்டது.

சாயங்காலம் மயக்கம் தெளியும்போது அவருடைய வலது கை நேராகப் பழைய இடத்துக்குப் போனது. அங்கே கட்டுதான் இருந்தது. திடுக்கிட்டுக் கண்ணை விழித்தார்.

"எங்க? காணோமே!"

"இங்கதாங்க இருக்கு." கையை எடுத்து இடப்பக்கம் வைத்தேன். புது இடம் புரியாமல் விரல்கள் பையைத் தடவின.

"உக்காந்தா பை நிக்குமா?"

"நாளைக்கு உக்கார வெப்பாங்களாம். அப்பதான் தெரியும்."

போர்வையை அவராகவே விலக்கினார். "நாறுதா பாரு."

குனிந்தேன். கண்ணாடிப் பைக்குள் புது வாசல் சிவப்பாக, ஈரமாக, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. என் விரலில் இருந்த அதே மை பையின் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்பின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றது.