கறார் மாமாவின் நூறாவது வியாபாரம்

ஓர் உயிரின் விலை முந்நூறு பொற்காசு. பேரம் கிடையாது.

தங்கை மைக்கை அண்ணனின் வாயருகே பிடித்திருந்தாள். கறார் மாமா சொல்ல வேண்டிய அந்த வரி மூன்றாவது முறையும் வெறும் காற்றாகத்தான் வந்தது.

ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு. அதில் வாள், மருந்து, செத்தவனை எழுப்ப ஓர் உயிர் என்று விற்றபடி ஒரு கடைக்காரன் ஊமையாக நிற்பான். அவனைக் கறார் மாமா ஆக்கி, இணையத்தில் ஒரு சிரிப்புத் தொடர். அண்ணன் குரல் கொடுத்தான். தங்கை படம் வரைந்தாள். பூதத்தைக் கொல்லப் போகிறவன் வாளுக்கு கேரண்டி கேட்பான். "நீ திரும்பி வருவேங்கறதுக்கு முதல்ல கேரண்டி குடு தம்பி" என்பார் மாமா. ஆறு வருடத்தில் தொண்ணூற்றொன்பது பகுதிகள், இரண்டு லட்சம் ரசிகர்கள். நூறோடு கடையைக் கட்டுவதாக அண்ணன் அறிவித்திருந்தான்.

அண்ணனுக்குச் சாயங்காலம் தாண்டாது என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது மணி மூன்றரை.

அந்தக் குரல் வரக்கூடிய இன்னொருவர் பக்கத்து அறையில் இருந்தார். பாத்திரக்கடை அப்பா. தொண்டையைச் செருமுவது முதல் "மனசாட்சியோட கேளு" வரை எல்லாம் அவரிடம் சுட்டதுதான். அவருக்கு மட்டும் தெரியாது. சொந்தத் தம்பிக்கே 'கடன் இல்லை' பலகையைக் காட்டி, பத்து வருடமாகப் பேச்சில்லாமல் இருப்பவர்.

அண்ணன் கண்ணால் கதவைக் காட்டினான்.

"வேணாம்ணா. இன்னிக்குப் போயா?"

மறுபடியும் கதவைக் காட்டினான்.

அப்பா வந்தார். பழைய பகுதி ஒன்றை அவள் ஓடவிட்டாள். நின்றபடியே முழுதும் கேட்டார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"இது நான்தானே?"

"ஆமாப்பா."

"எத்தனை பேர் கேக்கறாங்க?"

"ரெண்டு லட்சம்."

அண்ணனின் ஆக்சிஜன் பாட்டிலில் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"கடைசி விலைன்னு நான் மூணு தடவை சொல்ல மாட்டேன்," என்றார். "ரெண்டு தடவைதான். இவன் ஏத்திச் சொல்றான்."

அண்ணனின் தோள் குலுங்கியது. சிரிப்பா, மூச்சுத் திணறலா, தெரியவில்லை.

அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வசனத் தாளை வாங்கினார். தோற்றுப்போய் வரும் வீரனாக அண்ணனே பேசுவதாக ஏற்பாடு. அதற்குக் குரல் வேண்டியதில்லை, மூச்சு போதும். அவள் பதிவைத் தொடங்கினாள்.

"ஒரு உயிர் முந்நூறு. கடைசி விலை. கடைசி விலை."

"நாப்பதுதான்... இருக்கு மாமா."

தாளில் அடுத்த வரி: 'கடன் இல்லை. கடையைச் சாத்தியாச்சு, கிளம்பு தம்பி.' ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரிக்க அண்ணன் எழுதி வைத்திருந்தது. அப்பாவின் விரல் அந்த வரியின் மேல் நின்றது. அண்ணனின் நெஞ்சு ஏறி, வெகுநேரம் கழித்து இறங்கியது.

"படிங்கப்பா," என்றாள், உதடு மட்டும் அசைய.

அப்பா செருமினார்.

"இருக்கறத வெச்சுட்டு எடுத்துட்டுப் போடா. மீதி மெதுவா குடு."

அண்ணனின் கண்கள் அவர் முகத்தில் இருந்தன. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எடுத்துக்கிட்டியாடா?" என்றார் அப்பா.

அடுத்த வாரம் எதையும் வெட்டாமல் நூறாவது பகுதியை அவள் ஏற்றினாள். அந்தக் கேள்விக்குப் பிறகு நெடிய அமைதி. பிறகு, ஏதோ கீறுகிற சத்தம். அது என்ன என்று ரசிகர்கள் கேட்டிருந்தார்கள். அவள் பதில் போடவில்லை. வசனத் தாள் அவள் மேஜை டிராயரில் இருந்தது. அதன் பின்பக்கம், கடைப் பேனாவில், அப்பாவின் கையெழுத்து:

விலை 300
வரவு 40
பாக்கி 260