யார் யாரைத் தூக்கினார்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலையை முடித்துவிட்டு ஏறும்போது, ஏணியின் மேல்படி கழன்று கையோடு வந்துவிட்டது. விளிம்பைப் பிடித்துத் தொங்கினாரே தவிர, உடம்பு மேலே வருவேனா என்றது. கூட வேலை செய்யும் மச்சினன், அவர் மனைவியின் தம்பி, காலரையும் பெல்ட்டையும் பிடித்து மூட்டையை இழுப்பதுபோல் இழுத்துப் போட்டான். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

வீட்டில் மனைவி, கிழிந்த காலரைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"உன் தம்பி குழியில மாட்டிக்கிட்டான். நான்தான் தூக்கிவிட்டேன். அவன் பிடிச்ச பிடியில கிழிஞ்சிடுச்சு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டு, மாமா இல்லாவிட்டால் உன் கதி என்ன என்று அவனையே கேட்டாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தான்.

"ஆமாக்கா, மாமாவுக்கு நல்ல பிடி" என்றான்.

மெக்கானிக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவன் போட்டுக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

மறுநாளே, தொங்கி மேலே ஏறிப் பழக மொட்டை மாடியில் ஒரு குழாயைக் குறுக்கே பொருத்தினார். வெறுமனே தொங்கத்தான் முடிந்தது. அதுவும் கை வழுக்கிப் பொத்தென்று விழுவார். மனைவி கேட்டால், தோள்பட்டைப் பிடிப்புக்கு என்பார்.

ஸ்பேனர் வாங்க வந்த மச்சினன் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டான். மெக்கானிக் வியர்வை துடைக்கிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவன் ஒரு ஸ்டூலை இழுத்துக் குழாய்க்குக் கீழே போட்டான்.

"ஏறுறதை இப்போதைக்கு விடுங்க மாமா. இது மேல நின்னு தாடையைக் கம்பிக்கு மேல வச்சுக்கோங்க. காலை எடுத்துட்டு மெதுவா இறங்குங்க. இறங்கிப் பழகினா ஏறுறது வரும். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்."

"அக்காகிட்ட ஏன் நீ சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அதற்குப் பிறகு ஸ்டூல், அப்புறம் பாதத்தைத் தாங்கக் குழாயில் கட்டிய பழைய சைக்கிள் டியூப் என்று பழகிக்கொண்டே போனார். ஒரு சாயங்காலம் டியூபும் இல்லாமல் பாதி தூரம் ஏறி, அதற்கு மேல் முடியாமல் நின்றுவிட்டார். துணி எடுக்க வந்த மனைவி சிரித்தாள். ஆளையே தூக்கிய கைக்கு இது ஒரு வேலையா என்றாள்.

அவர் கீழே இறங்கித் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"தூக்கினது நான் இல்ல. உன் தம்பிதான் என்னைத் தூக்கினான்."

அவள் கொடியிலிருந்த துணி முழுவதையும் எடுத்து மடித்தாள்.

"அவனை உக்கார வச்சு நான் பேசினப்ப நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவர் தலையாட்டினார்.

"ஃபோன் போட்டு, பொய் சொன்னதை ஒத்துக்கிட்டேன்னு அவன்கிட்ட சொல்லுங்க. நான் இங்கதான் நிப்பேன்."

சொன்னார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. மச்சினன், கம்பிக்கு மேலே தாடை வந்துவிட்டதா என்று விசாரித்தான்.

"பாதிதான் வருது" என்றார்.

மனைவி துணிக்கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் இறங்கிப் போனாள்.