ஜான் பீ தின்ற பருப்பு

1987இல் பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கம்ப்யூட்டர் வரவில்லை. அது சொன்ன புத்திமதிதான் வந்தது. கூட்டுறவுக் கடையில் எந்த அட்டைக்கு என்னென்ன வாங்கினார்கள் என்ற பட்டியல் மெட்ராசுக்குப் போய், கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, யார் எவ்வளவு தின்கிறார்கள் என்ற தீர்ப்பாகத் திரும்பியது. ஜான் பீக்கு வந்த தாளில், 'பருப்பும் எண்ணெயும் அளவுக்கு மீறி உண்கிறீர்கள். குறைத்துக்கொள்ளவும்' என்றிருந்தது. அதனால், கர்ப்பிணிகளுக்கான சத்துணவுத் திட்டத்தில் மகள் பரிதாவுக்குக் கொடுத்துவந்த சத்துமாவு நிறுத்தப்படுகிறது என்றும் கீழே ஒரு வரி.

பரிதாவுக்கு ஏழாம் மாதம். மருமகன் பெங்களூரில் கூலி வேலை. அவளுக்கு உடம்பில் ரத்தமே இல்லை, மாவை ஒருநாளும் விடாதே என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தையல் மெஷினை மிதித்து வயிற்றைக் கழுவும் ஜான் பீக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைக் கையில் பிடித்தபடி நேராகத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். "மே மாசம் மட்டும் பாசிப்பருப்பு இருபது கிலோ, எண்ணெய் பத்து கிலோ. அட்டையில ரெண்டே பேரும்மா."

"அது நோன்புக் கஞ்சிக்குங்க."

ரம்ஜானில் பள்ளிவாசல் கஞ்சிக்கு வேண்டிய சாமான் முழுவதையும், அந்த வருஷ முறை எந்த வீட்டுக்கோ அந்த வீட்டு அட்டையில் வாங்குவது அங்கே வழக்கம். இந்த வருஷம் முறை தனக்கு வந்ததில் ஜான் பீக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் புண்ணியம்தான் இப்போது மகள் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறது.

"ஊரே குடிச்ச கஞ்சிங்க. காய்ச்சல்காரப் புள்ளைங்களுக்குன்னு எல்லா வூட்டுக்காரங்களும் தூக்குல வாங்கிட்டுப் போனாங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

"பொய் சொல்லலீங்க, அதுக்குத் தெரியாது. நான் வாயத் தொறந்து சொல்றனே, உங்களுக்குமா தெரியாது?"

பக்கத்து மேசைக் குமாஸ்தா சென்னப்பன் மெல்ல எழுந்தார். "சார், நானும் தினம் வாங்கிக் குடிச்சவன்தாங்க. வேணும்னா எழுதித் தர்றேன்."

அதிகாரி பட்டியலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அதை எழுத இதுல எடமே இல்லியே. ஆறு மாசத்துல அடுத்த பட்டியல் வரும். தானா சரியாயிடும்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை.  ஜான் பீ கையிலிருந்த தாளை அவர் மேசைமேல் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு மாசத்துல புள்ள பொறந்துடுங்க. ஆறு மாசம் உள்ளாறயே இருன்னு அதுக்கும் ஒரு தாள் அனுப்பிடுங்க."