பெரியவள், சின்னவள், நாலாயிரம் படங்கள்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடி மோட்டார் அறையில், லிப்ட் மெக்கானிக்கின் போன் படம் எடுக்க மறுத்தது. இடமில்லை என்றது.

எந்த வயரையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். பழைய லிப்டுகளுக்கு வரைபடம் கிடைப்பதில்லை. அந்தப் படங்கள்தான் வரைபடம். ஏழு வருடப் படங்கள் போனில் கிடந்தன. அவற்றோடு, பழைய போனிலிருந்து மாற்றியதும் சேர்த்து, மகள்களின் படங்கள் நாலாயிரம். ஏழு நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையர். பெரியவள் போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள்.

"பெரியவ படத்துல ஒண்ணுகூடப் போகக் கூடாது," என்றாள் மனைவி, சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்தபடி. "சின்னவ படத்தை அழிங்க. அவதான் முழுசா கண்ணெதிர்ல நிக்கிறாளே. வேணும்னா புதுசா எடுத்துக்கலாம்."

அவருக்கு அது சரியாகப் பட்டது. இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் சரியாகத்தான் பட்டது.

முகம் பார்த்துப் படங்களைப் பிரித்துத் தரும் வசதி போனில் உண்டு. அது இருவரையும் ஒரே ஆளாகச் சேர்த்துவைத்திருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்துப் போட்டு, பார்ப்பவர்கள் குழம்புவதை ரசித்தவர்கள் அவரும் மனைவியும்தான். எந்தப் படத்திலும் இன்னாரென்று குறித்துவைக்கத் தோன்றவில்லை.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சின்னவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இது யாரும்மா?"

"அக்கா."

"இது?"

"அக்கா."

"தொட்டில்ல கிடக்கிற குழந்தை. உனக்கெப்படிடி தெரியும்?" என்றாள் அம்மா.

"நான் இவ்வளவு அழுமூஞ்சியா இருந்திருக்க மாட்டேன்."

அம்மா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள்.

முப்பது படம், நாற்பது படம். எல்லாம் அக்கா. பிறகு சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டு. ஐந்து வயதில் கதவு நிலையில் மோதி நாலு தையல் போட்டது சின்னவளுக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். பெரியவளின் புருவத்தில் கடைசிவரை ஒரு கீறல் கிடையாது.

"இது?"

அவள் நெற்றி முடியை இடது புருவத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அக்கா."

"யாருங்க அது?" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

"பெரியவதான்," என்றார்.

மனைவி அடுத்த சட்டையை எடுத்தாள். சின்னவள் எழுந்து உள்ளே போனாள். அவர் வயர் படங்கள் இருந்த பகுதியைத் திறந்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அழித்தார்.

போனில் ஆறு ஜிபி இடம் கிடைத்தது.