சதுர அடிக்கு நூறு

லிம்பே ரயிலடிக்குப் பின்னால் இருந்த பழைய மாடிக் கிடங்குக்கு நான்தான் பொறுப்பாளன். கீழே பதினோரு பெண்கள் உட்கார்ந்து நிலக்கடலை பொறுக்குவார்கள். மேலே மரத்தளத்தில் சோள மூட்டைகளை அடுக்கிவைப்போம்.

அந்த வருஷம் விளைச்சல் கொட்டியது. வழக்கமாக ஐந்து மூட்டை உயரம்தான் அடுக்குவோம். அப்படி அடுக்கினால் இடம் போதாது. மேலே, மாடிப்படிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பலகை ஒன்று உண்டு. ‘பாரம்: சதுர அடிக்கு 100’ என்பது மட்டும் தெரியும். மீதியைச் சுண்ணாம்பு மூடியிருந்தது. டேப்பை எடுத்து ஒரு மூட்டையை அளந்தேன். படுக்கவைத்தால் ஐந்து சதுர அடியும் கொஞ்சமும் பிடித்தது. ஐந்நூறு தாங்கும். மூட்டை ஐம்பது கிலோ. அப்படியானால் பத்து மூட்டை உயரம் அடுக்கலாம். பள்ளிக்கூடக் கணக்கு கைகொடுத்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. இடம் விடாமல் அடுக்கச் சொன்னேன்.

நாலாம் நாள் காலையில், கடலை பொறுக்கும் ஃபலேசி வந்து நின்றாள்.

“அண்ணே, வாசக் கதவு மூட மாட்டேங்குது. மேலேருந்து மரத்தூளு வேற கடலையில கொட்டுது.”

“குளிர்காலத் தூறல்ல கதவு ஊதியிருக்கும். வைசனை வரச் சொல்றேன்.”

தச்சன் வைசன் என் வயதுக்காரன். இழைப்புளியோடு வந்தவன் கதவைத் தடவிப் பார்த்தான். நிலையை அண்ணாந்து பார்த்தான். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.

“கதவு சரியாத்தான் இருக்கு. மேல உள்ளதுதான் கீழ இறங்குது. என்னத்தடா ஏத்தி வச்சிருக்க?”

“எல்லாம் கணக்குப் பண்ணித்தான் வச்சிருக்கேன், வா காட்டுறேன்” என்று மாடிக்குக் கூட்டிப்போனேன். பலகையைக் காட்டினேன். அவன் உளியால் சுண்ணாம்பைச் சுரண்டினான். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

“ஜைலோஸ், இது கிலோ இல்லடா. பவுண்டு.”

எனக்கு முதலில் ஏறவில்லை. பிறகு மனசு தானாகவே கணக்குப் போட்டது. நூறு பவுண்டு என்றால் நாற்பத்தைந்து கிலோ. ஒரு மூட்டை படுக்கும் இடம் இருநூற்று நாற்பது கிலோதான் தாங்கும். ஐந்து மூட்டையே அதற்குக் கொஞ்சம் கூடுதல். நான் இரண்டு பங்கு ஏற்றியிருக்கிறேன். பலகை இடுக்கு வழியே கீழே பெண்கள் சிரிப்பது கேட்டது. படியைப் பார்த்துத் திரும்பினேன்.

வைசன் என் தோளைப் பிடித்தான். “ஓடிறாத. மெல்ல இறங்கு.”

கீழே வந்ததும் கத்தினேன். “எல்லாரும் வெளிய போங்க! போட்டது போட்டபடி வெளிய!”

“என்ன அண்ணே, இன்னைக்குச் சம்பளத்தோட லீவா?” என்றாள் எனலேசி. எல்லோரும் சிரித்தார்கள்.

“மாடி விழப்போகுதுடீ, போங்கடீ!” என்று வைசன் போட்ட சத்தத்தில்தான் சிரிப்பு நின்றது. முண்டியடித்துக்கொண்டு பத்துப் பேர் வெளியே வந்தார்கள். எனலேசி வாசல்வரை வந்தவள் செருப்பை எடுக்கத் திரும்பினாள்.

வெடி வைத்ததுபோல ஒரு சத்தம். உத்தரம் முறிந்துவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மாடி இருந்த இடத்தில் கூரை தெரிந்தது. வெள்ளைச் சோளம் வாசல் வழியே எங்கள் முழங்கால்வரை வந்து நின்றது.

கையாலும் முறத்தாலும் வாரினோம். முதலில் அவள் கை தெரிந்தது. விரல் அசைந்தது. கால்மேல் உத்தரம் கிடந்தது. வைசன் கடப்பாரையை நெம்பினான், நாங்கள் இழுத்தோம். அதுவரை அவள் ஒரு சத்தமும் போடவில்லை. காலைப் பார்த்த பிறகுதான் அலறினாள்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். முதலாளியிடமும் போலீசிலும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வேலை போயிற்று, வழக்கு நடக்கிறது.

ஒன்பதாம் நாள் அவளைப் பார்க்கப் போனேன். அவள் புருஷன் என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டான். கொண்டுபோன வள்ளிக்கிழங்கைக் கட்டிலோரம் வைத்தேன்.

அவள்தான் பேசினாள். “அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒரு கிலோன்னா எத்தனை பவுண்டு?”

“ரெண்டும் கொஞ்சமும்.”

“இம்புட்டுதானா?” என்றாள்.